மூன்று தரம் இடமில்லை

எங்கள் சபையின் ஆண்டு மலரில் இந்த வருஷம் ஜெபசீலன் அண்ணனைப் பற்றி அரைப்பக்கம் போட்டிருந்தார்கள். 'தம் பாடலால் ஏழை எளியவர்களுக்கு இல்லங்களைத் திறந்தவர்' என்று தலைப்பு, பக்கத்தில் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் போட்டோ. படித்த நாளிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மீதியை நான் எழுதுகிறேன்.

என் பெயர் ஜோனத்தான். கேம்ப் ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ஜெபசீலன் அண்ணன் எனக்கு இரண்டு வீடு தள்ளி. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் முப்பது வருஷமாக வெல்டர். சேலையூரில் எங்கள் தெருவில் இருக்கும் கேட்டுகளில் பாதி அவர் கைவேலை. முன்பு எல்லாரும் கம்பி வைத்த கேட்தான் கேட்பார்கள். தெருவில் போகிறவர் உள்ளே இருப்பவரைப் பார்த்து "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். இப்போது மேலிருந்து கீழ்வரை தகடு அடித்த கேட்தான் வேண்டும் என்கிறார்கள். நாய் வரக் கூடாது, தூசி வரக் கூடாது, எதிர்வீட்டார் கண்ணும் வரக் கூடாது. அண்ணன் இதைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு அவர் மனைவி ஹெப்சிபா அக்கா கேட்டார் என்று தன் வீட்டுக்கும் அப்படி ஒன்றை மாட்டினார்.

அவர் சங்கீதம் படித்தவர் இல்லை. வெல்டிங் முகமூடிக்குள் முணுமுணுத்து மெட்டுப் போடுவார். அதை போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புவார். பின்னால் கிரைண்டர் கத்திக்கொண்டிருக்கும். "ஏன்ணா, மெஷினை ஆஃப் பண்ணிட்டுப் பாடக் கூடாதா?" என்று கேட்டால், "அது ஓடினாத்தான்டா எனக்கு சுதி சேருது" என்பார். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து பாட்டை நான் பொறுக்கி எடுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கி எடுத்த பாட்டுகள் நிறைய. மற்றவை எல்லாம் சுமார்தான், எனக்கும் அவருக்கும் அது தெரியும். ஒன்றே ஒன்று நின்றது.

அது பிறந்தது ஏரிக்குப் பின்னால் இருக்கும் பள்ளமான நகரில். அங்கே ஒரு வீட்டுக்கு ஜன்னல் கம்பி பொருத்தப் போயிருந்தார் அண்ணன். கீழ்த்தளத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தவர் தையல்நாயகி அக்கா. சின்ன வயதில் இலங்கையில் மன்னாரிலிருந்து அகதியாகப் படகில் வந்தவர். முகாமில் வளர்ந்து, கல்யாணமாகி, போலீஸில் பதிவு செய்துகொண்டு கணவர் குமரவேலோடு வெளியே வந்து வாடகைக்கு இருந்தார். மசாலா பாக்கெட் போடும் இடத்தில் வேலை. வெயிலில் நின்று வேலை செய்கிறாரே என்று அண்ணனுக்குத் தேநீர் கொடுத்தார். ஊர் எது என்று அண்ணன் கேட்டார். அப்போது சொன்ன கதைதான்.

படகுக்காரன் அவர்களைக் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். நல்ல மழை. அம்மா கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இவரைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டினார். "கதவைத் திறவுங்கோ." உள்ளேயிருந்து இடமில்லை என்று குரல் வந்தது. இரண்டாவது வீட்டிலும் அதுவே. மூன்றாவது வீட்டில் விளக்கை அணைத்தார்கள். நாலாவது வீட்டில் ஒரு மனிதர் திறந்து, உலையில் இருந்த சோற்றை வடித்துப் போட்டு, ஆடு கட்டும் கொட்டகையைக் கூட்டிப் படுக்க வைத்தார்.

"அந்த நாலாவது வீட்டை நான் சாகும் மட்டும் மறக்க மாட்டன் அண்ணா" என்றாராம் தையல்நாயகி அக்கா. "ஆனா முதல் மூண்டு வீட்டையும்தான் மறக்க ஏலாமக் கிடக்கு."

அண்ணன் அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்துவிட்டார். கையில் இன்னும் கரி. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே பாடினார். வெளியே நிற்பவர்கள் பாட வேண்டியது ஒரு பகுதி:

'கதவைத் திறவுங்கோ, காற்றும் மழையும் கூட வருது,
கைக்குழந்தை நனையுது, கதவைத் திறவுங்கோ.'

உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும்:

'இடமில்லை இடமில்லை, எங்கள் வீட்டில் இடமில்லை,
இன்னொரு நாள் வாருங்கள், இன்று இடமில்லை.'

இப்படி மூன்று தரம். நாலாவது தரம் உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்துகொண்டு பாடுவார்கள்:

'உள்ளே வாருங்கள், உலையில் சோறு வேகுது,
ஒண்டும் இடம் சின்னது, உள்ளம் சின்னதில்லை.'

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது நினைத்தாலும் அந்த நாலாவது தரம் வரும்போது அப்படித்தான் ஆகிறது. நல்ல பாட்டு. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் முறை சபையில் பாடியபோது அண்ணன் தையல்நாயகி அக்காவை அழைத்திருந்தார். கடைசி பெஞ்சில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் அண்ணன் ஓடிப்போய் எப்படி இருந்தது என்று கேட்டார். "வடிவாயிருக்கு அண்ணா. ஆனா இல்லை எண்டு மூண்டு தரம் பாடத்தான் வேணுமோ? ஒருக்கால் போதாதோ?" என்றார் அவர். அண்ணன் சிரித்தார். "அந்த மூணு இருந்தாத்தாம்மா நாலாவது நிக்கும். இல்லைன்னா சப்புனு பூடும்." பாட்டுக்காரர் என்ற முறையில் அவர் சொன்னது சரிதான். நானும் தலையாட்டினேன்.

அந்த டிசம்பரிலேயே அது கேரல் ரவுண்ட்ஸில் நுழைந்துவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில் சபைப் பிள்ளைகள் கிதாரும் டிரம்மும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பாடப் போவது எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் சபையில் மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. டீம் வந்து கேட்டுக்கு வெளியே நின்று 'கதவைத் திறவுங்கோ' பாடும். வீட்டுக்காரர்கள் கேட்டைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து 'இடமில்லை' பாடுவார்கள். மூன்று தரம் மறுத்து, நாலாவது தரம் திறப்பார்கள். பிள்ளைகளுக்கு உயிர். எந்த வீட்டு 'இடமில்லை' பெரிய சத்தம் என்று போட்டியே நடக்கும். அண்ணனின் எதிர்வீட்டு கேசவன் சார் கும்பிடுவது முருகனை. ஆனால் "எங்க வூட்டுக்கும் வாங்கப்பா, நாங்களும் இடமில்லைன்னு கத்தணும்ல" என்று கேட்டு வாங்குவார்.

பாட்டு வேலையும் செய்தது, அதை மறைக்கக் கூடாது. 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் திறக்காத வீடு இல்லை. யார் யாரோ வந்து தங்கினார்கள். பாயும் போர்வையும் பால் பவுடரும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்த நாலாவது சரணத்தைப் பாடிக்கொண்டே கொடுத்தார்கள். அண்ணன் வீட்டு ஹாலில் தையல்நாயகி அக்காவும் குமரவேலும் வெள்ளம் வடியும்வரை இருந்தார்கள். கிளம்பும்போது அண்ணன் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எப்ப தண்ணி வந்தாலும் யோசிக்காத. நேரா நம்ம வூட்டுக்கு வந்துடு. யாரையும் கேக்க வாணாம், கேட்டைத் தட்டு, போதும்."

அந்த நல்ல காலம் அவ்வளவுதான். சில வருஷம் கழித்து குமரவேலுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலோடு கிடந்தார். வேலைக்கும் போய், வந்து அவரைத் தூக்கித் துடைத்து, கூழ் ஊட்டி, தையல்நாயகி அக்கா பாதியாக இளைத்துப் போனார். மேட்டில் வேறு வீடு பார்க்கலாம் என்றால், அகதி என்றதும் ஒரு சாக்கு, படுக்கை நோயாளி என்றதும் இன்னொரு சாக்கு. யாரும் தரவில்லை.

போன டிசம்பர் அந்த நாளில் காலையிலிருந்தே மழை. ஆனால் பயப்படுகிற மாதிரி இல்லை. கரண்ட் மட்டும் போய்விட்டது. கேரலை ஒத்திப்போடலாமா என்று நான் கேட்டதற்கு, "மழையில பாடினாத்தான் அங்கிள் அந்தப் பாட்டுக்கு எஃபெக்ட்டு" என்று பிள்ளைகள் குதித்தார்கள். இருட்டும் நேரத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் வீடு எப்போதும் கடைசி. அங்கே போண்டாவும் சுக்குக் காபியும் தயாராக இருக்கும். அண்ணனுக்கு முட்டிவலி வந்த பிறகு டீமோடு வராமல், வீட்டில் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளேயிருந்து பாடுவார். பாட்டின் தகப்பனார் வீடு என்பதால் அங்கே 'இடமில்லை' ரொம்பப் பிரமாதமாக இருக்கும்.

சாயங்காலம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிய ஆரம்பித்தது எங்களுக்குத் தெரியாது. பின்னால் இருக்கும் நகரில் முடிந்தவர்கள் எல்லாம் ஏரி ஏறுவதைப் பார்த்து மதியமே கிளம்பிவிட்டார்கள். மாடியில் இருந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை. தையல்நாயகி அக்காவின் அறைக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்து, சட்டென்று முழங்காலுக்கு வந்துவிட்டது. குமரவேலைத் தனியாகத் தூக்க முடியாது. போனில் சார்ஜ் இல்லை. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, "பத்து நிமிஷத்தில ஆளோட வாறன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு ஓடிவந்தார். எங்கே வருவார்? வரச் சொன்ன இடத்துக்குத்தான் வந்தார்.

நாங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். பிள்ளைகள் கேட்டைத் தட்டி ஆரம்பித்தார்கள். 'கதவைத் திறவுங்கோ.' பதில் வரவில்லை. மறுபடி பாடினார்கள். தாழ் விலகியது. அண்ணன் கையில் மெழுகுவத்தியோடு நின்றார்.

"இன்னாடா, இப்பத்தான வந்துட்டு ஓடினீங்க?" என்றார். "ரெண்டு தரம் தட்டிட்டு எங்க போனீங்க? நாங்க மூணாவதுக்கு காத்துகினு கீறோம்."

"இல்லண்ணா, இப்பத்தான் வரோம்" என்றேன்.

"வெளாடாத. தட்டினீங்க, 'கதவைத் திறவுங்கோ'ன்னீங்க, நாங்க 'இடமில்லை' பாடினோம். திரும்பவும் கேட்டீங்க, திரும்பவும் பாடினோம்."

நான் பிள்ளைகளைப் பார்த்தேன். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அண்ணனின் மகள் மிருதுளா போண்டாத் தட்டோடு பின்னால் நின்றிருந்தாள். அவள்தான் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, 'கதவைத் திறவுங்கோ அண்ணா'ன்னு கேட்டுச்சு. பாட்டுல அண்ணா கிடையாதேப்பா."

அண்ணன் மெழுகுவத்தியைக் கீழே வைக்கவில்லை. அப்படியே மழைக்குள் நடந்தார், அது அணைந்ததுகூடத் தெரியாமல். எங்கே போகிறார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் சுற்றியிருந்த கீபோர்டை ஹெப்சிபா அக்கா கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஏரிக்குப் பின்னால் அக்கா குடியிருந்த சந்தின் முனையிலேயே தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் தையல்நாயகி அக்காவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர் கத்தவில்லை. உள்ளே போகப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். "உள்ள நெஞ்சு மட்டத்துக்கு மேல போயிடுச்சு சார், இழுக்குது. நாங்க போய்ப் பார்த்துட்டோம், கதவே தெரியல" என்றார் ஒருவர். அண்ணன் இறங்கிவிட்டார். நாலு அடி போவதற்குள் விழுந்தார். நாங்கள்தான் இழுத்துப் போட்டோம்.

காலையில் தீயணைப்புப் படையினர் குமரவேலை எடுத்துவந்தார்கள். அவர் கட்டிலில்தான் இருந்தார்.

அடக்கத்துக்கு வேண்டியதை எல்லாம் அண்ணன் ஓடி ஓடிச் செய்தார். தையல்நாயகி அக்காவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அக்கா கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அண்ணன் ஒருநாள் பட்டறையிலிருந்து கட்டிங் மெஷினை எடுத்துவந்து, தன் வீட்டு கேட்டில் இருந்த தகட்டை வெட்டி எடுத்தார். தாழையும் வெட்டினார். இப்போது அந்த வீட்டுக்குள் நாய்கள் தாராளமாக வந்து போகின்றன.

பாட்டை நிறுத்திவிடலாம் என்று அண்ணன் பாஸ்டரிடம் போய்க் கேட்டார். "அது இனிமே உங்க பாட்டு இல்ல பிரதர், சபையோட பாட்டு. எத்தனை பேர் மனசைத் திறந்திருக்கு" என்றார் பாஸ்டர். அதற்குள் பிள்ளைகள் வெள்ளக் காட்சிகளை வெட்டி ஒட்டி அந்தப் பாட்டை வீடியோவாகப் போட்டு, அது எங்கெங்கோ போய்விட்டது. கண்ணீர் வந்துவிட்டது, மனம் உருகிவிட்டது என்று ஆயிரம் பேர் எழுதியிருந்தார்கள். அண்ணன் என் கடைக்கு வந்து அதைக் காட்டச் சொன்னார். நிதானமாகப் படித்தார். "இதுல யாருனா கதவைத் திறந்தேன்னு எழுதிகீறாங்களா, பார்த்துச் சொல்லுடா" என்றார். நான் கீழே கீழே தள்ளிப் பார்த்தேன். உருகியவர்கள்தான் இருந்தார்கள்.

ஏப்ரல் வாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ரயில் ஏறினார். தாம்பரத்திலிருந்து அவ்வளவு தூரமும் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். முகாமில் தையல்நாயகி அக்கா எங்களுக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்தார்.

"மாடியில ஒரு ரூம் கட்டியிருக்கேம்மா. வாடகை ஒண்ணும் வாணாம். வந்துடு" என்றார் அண்ணன்.

"வேண்டாம் அண்ணா. இங்கேயே இருக்கிறன்."

அண்ணன் அழ ஆரம்பித்தார். "டீம்னு நெனச்சேம்மா. சத்தியமா டீம்னுதான் நெனச்சேன். நான் உன்னை வெரட்டிட்டேன்னு நெனச்சுட்டியா?"

தையல்நாயகி அக்கா அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் நாங்கள் நிம்மதியாகத் திரும்பியிருப்போம்.

"இல்லை அண்ணா. நீங்கள் பாடினது பாட்டு எண்டு எனக்குத் தெரியும்தானே. நாலாவது தரம் திறப்பியள் எண்டும் தெரியும். ரெண்டு தரம் கூப்பிட்டனான். அதுக்கு மேல நிக்க எனக்கு நேரம் இருக்கேல்லை."

அதற்குப் பிறகு அண்ணன் மெட்டு முணுமுணுத்து நான் கேட்டதில்லை. பட்டறையில் கேட்டேன், அங்கேயும் இல்லையாம்.

இந்த டிசம்பரும் வந்தது. அந்தப் பாட்டு வேண்டாம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். அது இல்லாமல் கேரலே இல்லை என்றார்கள், பாஸ்டரும் அதையே சொன்னார். அண்ணன் வீட்டுக்கு இந்த முறை கடைசியில் போகவில்லை, அங்கே மட்டும் அதைப் பாடவும் இல்லை. தாழே இல்லாத கேட்டுக்கு முன்னால் நின்று அதை எப்படிப் பாடுவது? ஜெபம் பண்ணி, கேக் சாப்பிட்டுவிட்டு, நேராக எதிரே கேசவன் சார் வீட்டுக்குப் போனோம். அண்ணன் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லேசான தூறல்.

பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து கேசவன் சார் குடும்பம் 'இடமில்லை இடமில்லை' என்று சிரிப்பும் கூச்சலுமாகப் பதில் பாடியது. இரண்டாவது தரம் கேட்டார்கள். உள்ளே பதில் தொடங்குவதற்குள் அண்ணன் தெருவைக் கடந்து வந்துவிட்டார். அந்த கேட்டும் அவர் செய்ததுதான். மேலே கையை விட்டு, பார்க்காமலே தாழைத் தள்ளித் திறந்தார். உள்ளே வாயைத் திறந்தபடி கேசவன் சார், அவர் மனைவி, குழந்தைகள் எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"அங்கிள், இன்னும் ரெண்டு சரணம் கீது" என்றான் கிதார் வைத்திருந்த பையன்.

"ரெண்டு தரம் கேட்டாச்சுல்ல" என்றார் அண்ணன். "போதும். உள்ள வுடுங்க."

கேசவன் சார் வந்து அவர் தோளைத் தொட்டு, "உக்காருங்க ஜெபசீலன்" என்றார். அண்ணன் உட்காரவில்லை. திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தைகள் உள்ளேயிருந்து "அங்கிள், முதல்லேர்ந்து" என்று கேட்டன. நான் கீபோர்டை மூடி உறையில் போட்டேன். பிள்ளைகள் கேட்டைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களிடம் தாழைப் போடச் சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தார்கள்.